தக்கலையிலிருந்து சென்னைக்கு: எதில் போவது என்று நான் முடிவு செய்யும் விதம்

என் மகன் சென்னை மேடவாக்கத்தில் குடியேறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு நான்கு முறையாவது அங்கே போய் வருகிறேன். தக்கலையில் எங்கள் வீட்டு வாசலைப் பூட்டுகிற நேரத்தையும், மேடவாக்கத்தில் அவன் வீட்டு அழைப்பு மணியை அழுத்துகிற நேரத்தையும் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைப்பது என் வழக்கம். பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் புவியியல் நடத்தியவள் நான். தூரமும் நேரமும் கண்ணில் பட்டால் எழுதாமல் இருக்க மாட்டேன். தெருவில் யார் சென்னைக்குக் கிளம்பினாலும் "டீச்சர், பஸ்ஸில் போகவா, விமானத்தில் போகவா, காரை எடுக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. பஸ் பதின்மூன்று மணி. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் விமானம்தான் தோன்றும். என் நாட்குறிப்பில் இருக்கிற ஒரு வியாழக்கிழமையைப் பாருங்கள். காலை 4.50 வீட்டைப் பூட்டினோம். 6.35 விமான நிலையம். 8.30 விமானம் கிளம்பியது. 9.55 மீனம்பாக்கம். பெட்டி வந்து, வெளியே வந்து, வாடகைக் காரில் ஏறும்போது 10.30. மகன் வீட்டு வாசல் 11.25. ஆக மொத்தம் ஆறு மணி முப்பத்தைந்து நிமிடம். அதே பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பஸ் பயணம் இருக்கிறது: மாலை 5.40 முதல் மறுநாள் காலை 8.10 வரை, பதினான்கரை மணி நேரம். இரவு ரயில் பதின்மூன்றரை. நாங்களே காரோட்டிப் போனபோது விடிகாலை நான்கு மணியிலிருந்து மாலை 4.20 வரை.

இதோடு நான் இன்னொரு கணக்கும் போடுவேன். விழித்திருக்கும் நேரம் எவ்வளவு? விமானப் பயணத்தின் ஆறரை மணி நேரமும் கண் விழித்திருக்க வேண்டும். அதற்காக மூன்று மணிக்கே எழுந்திருக்க வேண்டும். முந்தின இரவும் தூக்கம் கெடும். இரவு ரயிலில் எட்டு மணி நேரம் படுத்துத் தூங்கினால் மீதி ஐந்தரை மணி நேரம்தான் பயணம். அன்றைய பகல் முழுதும் கையில் இருக்கும். காலையில் சென்னையில் ஒரு வேலை, இரவே திரும்ப வேண்டும் என்றால் கணக்கு மாறும். ஆகவே முதலில் ஒரு தாளில் இந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: வாசல் முதல் வாசல் வரை எவ்வளவு, அதில் விழித்திருப்பது எவ்வளவு.

அடுத்து, கன்னியாகுமரி மாவட்டத்தில் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது. நம் மாவட்டத்துக்குள் விமான நிலையம் கிடையாது. மார்த்தாண்டம், களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கத்து ஊர் மாதிரி. அவர்கள் விமானத்தை யோசிப்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆரல்வாய்மொழி, தோவாளை, பூதப்பாண்டிக்காரர்கள் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள். அந்த வழியில் தொலைவு கூடும். ஆனால் காவல்கிணறு தாண்டினால் நான்குவழிச் சாலை. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று நம்பிச் சொல்லலாம். திருவனந்தபுரம் சாலையில் அந்த நம்பிக்கை கிடையாது. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகு நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் குழித்துறையில், களியக்காவிளைச் சந்திப்பில், அதற்கப்புறம் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொன்றிலும் நின்று நின்றுதான் போக வேண்டும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் அந்த வழியில் போகிறவர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

நாங்கள் இருக்கும் தக்கலை இரண்டுக்கும் நடுவில். அதனால்தான் ஒவ்வொரு முறையும் எங்களுக்கு யோசனை.

விமானம் என்று முடிவு செய்துவிட்டால் மூன்று காரியங்களைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் இரண்டு முனையங்கள் இருக்கின்றன. ஒன்று சங்குமுகம் கடற்கரைப் பக்கம், மற்றது சாக்கைப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஓடுபாதை. தவறான வாசலில் இறங்கிவிட்டால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். உள்நாட்டு விமானம் என்றாலே சங்குமுகம் என்று எண்ணிவிடாமல் டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்து, காரோட்டியிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோவில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதை வழியாகத்தான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அந்த இரண்டு நாட்களிலும் மாலையில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். முன்கூட்டியே அறிவிப்பார்கள், நேரம் மாறும். ஆறாட்டு நாளில் டிக்கெட் எடுக்கிறவர்கள் காலை விமானத்தை எடுங்கள். மூன்றாவது, நாம் கொண்டுபோகிற சாமான்.

இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்துக்காரர் யாரும் வெறுங்கையோடு சென்னைக்குப் போவதில்லை. மட்டிப்பழக் குலை, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், மரச்சீனிக் கிழங்கு, நேந்திரங்காய் உப்பேரி, முந்திரிக்கொத்து. பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தானே போகிறோம். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெட்டியில் பதினைந்து கிலோ, கையில் ஏழு கிலோ என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். ஒரு முறை பேரனுக்காக ஒரு கிலோ கொப்பரைத் தேங்காயைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பெட்டியை இயந்திரத்தில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். கொப்பரையில் எண்ணெய் அதிகம், தீப்பற்றும் பொருள் என்று சொல்லி வெளியே எடுக்கச் சொன்னார்கள். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், விதி அது. புடவைகளுக்கு நடுவில் பொதிந்து வைத்திருந்த அந்தப் பொட்டலத்தை நான் எடுத்து மேசையில் வைத்தபோது காகிதத்தில் எண்ணெய் பரவியிருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு எனக்கும் விதியின் காரணம் புரிந்தது. ஊறுகாயையும் எண்ணெயையும் கைப்பையில் வைக்காதீர்கள். இவ்வளவும் கொண்டுபோக வேண்டும் என்றால் அந்தப் பயணம் ரயிலுக்கோ காருக்கோ உரியது.

செலவையும் வாசல் முதல் வாசல் வரைதான் பார்க்க வேண்டும். விமான டிக்கெட்டுக்கு நான் இரண்டாயிரத்து எண்ணூறும் கொடுத்திருக்கிறேன், ஏழாயிரத்துக்கு மேலும் கொடுத்திருக்கிறேன். ஆனால் தக்கலையிலிருந்து விமான நிலையத்துக்குக் கார் வாடகை, மீனம்பாக்கத்திலிருந்து மேடவாக்கத்துக்கு இன்னொரு வாடகை இரண்டையும் சேர்த்தால் மலிவாக வாங்கிய டிக்கெட்டும் மலிவாக இருக்காது. தனியாகப் போகிறவர் இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் பெரும் தொகை மிச்சமாகும். ரயில் தாமதமாகலாம் என்பதால் விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருகிற வண்டியில் ஏறுங்கள். கார் பேசும்போது கேரளத்துக்குள் போகிற அனுமதிக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். களியக்காவிளையில் நின்று பேரம் பேச நேரம் இருக்காது.

இனி பஸ். பஸ்ஸுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: கடைசி நேரத்திலும் இடம் கிடைக்கும். ஊரில் ஒரு சாவு என்றால், ஒரு நேர்காணல் என்றால், அன்று மாலையே நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் போய் நின்றால் எதிலாவது ஏறிவிடலாம். அரசு விரைவுப் பஸ்ஸும் உண்டு, தனியார் பஸ்களும் நிறைய உண்டு. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஏறிக்கொள்ளலாம். பஸ்கள் இப்போது சென்னையில் கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. 2023 டிசம்பர் இறுதியில் திறந்த அந்த நிலையம் வண்டலூர் பக்கம் இருக்கிறது. தாம்பரம், மேடவாக்கம், கூடுவாஞ்சேரியில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இது நல்லது. பெரம்பூர், திருவொற்றியூர் போக வேண்டியவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கிய பிறகு இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எழும்பூர் வரை போகிற ரயில்தான் சரி.

பஸ்ஸைப் பற்றி யாரும் வெளிப்படையாக எழுதாத ஒன்றை நான் எழுதியாக வேண்டும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கழிப்பறைதான் கேள்வி. என் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் பஸ் ஏறும் நாளில் மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. நானும் அப்படிச் செய்தவள்தான். ஒரு முறை சென்னையில் போய் இறங்கிய இரண்டாம் நாள் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்து படுத்தேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "பயணம் செய்தீர்களா?" என்பதுதான். அன்றிலிருந்து பஸ்ஸில் முன்பதிவு செய்வதற்கு முன்னாலேயே தொலைபேசியில் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு, எங்கே நிறுத்துவார்கள், அங்கே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கிறேன். கேட்பதில் கூச்சம் வேண்டாம். சரியான பதில் சொல்லத் தெரியாதவர்களின் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. ஏறியதும் நடத்துநரிடம் "வழியில் ஒரு முறை எனக்காக நிறுத்த வேண்டியிருக்கும்" என்று சொல்லிவைக்கிறேன். முன்கூட்டிச் சொன்னால் பெட்ரோல் பங்கு பார்த்து நிறுத்தித் தருகிறார்கள்.

என் அம்மைக்கு எண்பத்திரண்டு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் படுக்கை பஸ்ஸில் அவருக்குக் கீழ்ப்படுக்கை பதிவு செய்திருந்தோம். மாலை ஐந்து மணிக்குச் செய்தி வந்தது: தக்கலையில் ஏற்ற மாட்டோம், வடசேரிக்கு வாருங்கள். ஆட்டோ பிடித்து ஓடினோம். ஏறிப் பார்த்தால் பஸ்ஸே வேறு, எங்கள் எண்ணுக்கு மேல்படுக்கை. ஏறுவதற்கு ஒரு கை அகலத்தில் இரண்டு இரும்புப் படி. அம்மை முதல் படியில் வலது காலை வைத்தார். இடது காலைத் தூக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்த கை நடுங்கியது. பின்னால் ஏறியவர்கள் பெட்டிகளோடு காத்து நின்றார்கள். கடைசியில் எதிர்ப்படுக்கையில் இருந்த ஒரு இளைஞன், யாரும் கேட்காமலே தன் கீழ்ப்படுக்கையைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டான். "மக்களே, நீ நல்லா இருக்கணும்" என்று அம்மை அவன் தலையில் கை வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு பிள்ளை வாய்க்க மாட்டான். அறுபதைத் தாண்டியவர்களைப் படுக்கை பஸ்ஸில் அனுப்புவதென்றால் கீழ்ப்படுக்கை, பின்சக்கரத்துக்கு மேலே வராத நடுப்பகுதி, கூடவே ஒரு ஆள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அனுப்பாதீர்கள்.

அவர்களுக்கு ரயில்தான். எதில் போவது என்று கேட்பவர்கள் பஸ், விமானம், கார் என்று மூன்றைத்தான் சொல்கிறார்கள், "ரயிலில்தான் இடம் கிடைப்பதில்லையே" என்கிறார்கள். கிடைக்காமல் போவது நாம் தாமதிப்பதால். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதற்கு முன் நூற்றிருபது நாட்களாக இருந்தது. திறக்கும் நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் நாகர்கோவில் சந்திப்பு வழியாகவும், அனந்தபுரி எக்ஸ்பிரஸ் குழித்துறை, இரணியல், நாகர்கோவில் டவுன் வழியாகவும் போகின்றன. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்கள் அனந்தபுரியை மறக்க வேண்டாம். முதியவர் என்று குறிப்பிட்டுப் பதிவு செய்தால் இடம் இருக்கும் வரை கீழ்ப்படுக்கைக்கு முன்னுரிமை உண்டு. கட்டணச் சலுகைதான் 2020 மார்ச்சுக்குப் பிறகு திரும்ப வரவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

2024 ஆகஸ்ட் 31 முதல் நாகர்கோவிலுக்கும் எழும்பூருக்கும் நடுவில் வந்தே பாரத் ஓடுகிறது. புதன்கிழமை மட்டும் கிடையாது. பிற்பகலில் இங்கிருந்து கிளம்பி இரவு பதினொரு மணியளவில் எழும்பூர். தாம்பரத்திலும் நிற்கும். உட்கார்ந்து போக முடிந்தவர்களுக்கு, தூக்கம் கெடாமல் ஒரே பகலில் போய்ச் சேர இதுதான் நல்ல வழி. அம்மைக்கு ஒத்துவராது. எட்டு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கவிட்டால் கணுக்கால் வீங்கிவிடும். என் அப்பா காலத்தில் சென்னைக்குப் போக முதலில் பஸ்ஸில் திருநெல்வேலி போக வேண்டும். நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் தண்டவாளம் வந்ததே 1981-இல்தான். அதை நினைத்தால் இன்று நமக்கு இத்தனை வழி இருப்பது பெரிய காரியம்.

கார் எப்போது சரி? நான்கு பேர் போக வேண்டும், சாமான் நிறைய, சென்னையில் நாலைந்து இடங்களுக்கு அலைய வேண்டும், ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இந்த நான்கும் சேர்ந்தால் கார்தான். ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு நாற்பத்தேழு லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற விலையில் ஏறத்தாழ நாலாயிரத்து எண்ணூறு. நாங்குநேரி, சாலைப்புதூர், கப்பலூர், சமயபுரம், விக்கிரவாண்டி, பரனூர் என்று வழிநெடுகச் சுங்கச்சாவடிகள். ஒரு வழிக்கே ஆயிரத்தை ஒட்டிப் போய்விடும். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் காரில் போய்வருகிறவர்கள் ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் வாங்குங்கள். 2025 ஆகஸ்ட் 15-இல் மூவாயிரம் ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளை இருநூறு முறை கடக்கலாம் அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை. இவ்வளவையும் நான்கால் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஆயிரத்தைந்நூறுக்குள் அடங்கும். ஒரே ஆள் போனால் விமானத்தைவிடச் செலவு அதிகமாகலாம்.

ஒற்றை ஆளாக இரவில் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கையைப் பிடித்து நிறுத்துவேன். விடிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை எவ்வளவு பழகிய கையும் தளரும். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அந்த நேரத்தில்தான் மகனை இழந்தது. நான்கு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புங்கள், முந்தின இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டுகிறவரை மாற்றுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தாலே தெரியும். லாரியைத் தாண்டுகிற அந்தக் கணத்தில், லாரி மறைத்திருந்த காற்று திடீரென்று வந்து சின்னக் காரைத் தள்ளும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, அறுபதுக்கு மேல் போகாமல் கடந்துவிடுங்கள். நாங்கள் எப்போதும் முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் போவோம்.

பண்டிகைக் காலத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. மற்ற மாவட்டங்களுக்குத் தீபாவளியும் பொங்கலும்தான் நெரிசல். நமக்குக் கிறிஸ்துமஸும் அதே அளவு நெரிசல், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காட்டுக் கொடைக்கும் ஊர் திரும்புகிறவர்கள் வேறு. டிசம்பர் 23 இரவு சென்னையில் ரயில் ஏற வேண்டும் என்றால் முன்பதிவு அக்டோபர் 24 காலை திறக்கும். நாட்காட்டியில் இன்றே வட்டம் போட்டுவிடுங்கள். அந்த நாளை விட்டவர்கள் தட்கலை நம்பி இருக்காமல் அரசு விரைவுப் பஸ்ஸில் உடனே ஒரு இடம் போட்டு வைப்பது நல்லது. தனியார் பஸ் கட்டணமும் விமானக் கட்டணமும் அந்த வாரத்தில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இந்த முறை பேரனின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாங்கள் எல்லோரும் போகிறோம். அம்மைக்கும் எனக்கும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இரண்டு கீழ்ப்படுக்கை, நாகர்கோவிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்குகிறோம். என் கணவருக்கு அன்று காலை வரை இங்கே வேலை இருப்பதால் அவர் வந்தே பாரத்தில் வருகிறார், அது புதன்கிழமை இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன். மகளும் மருமகனும் மார்த்தாண்டத்திலிருந்து விமானத்தில். மட்டிக் குலையும் எண்ணெய் டின்னும் எங்கள் படுக்கைக்கு அடியில் வரும். கொப்பரையும் அப்படித்தான்.